மவ்த்தான நாள்

குறிஞ்சிப்பிட்டி
28.01.2025

ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இனி எனக்குப் போன் எடுக்க வேண்டாம். வாட்ஸ்அப்பிலும் ஒன்றும் பேசி அனுப்ப வேண்டாம். போன கிழமை நீங்கள் அழுதுகொண்டு பேசி அனுப்பினீர்கள் அல்லவா, "இன்ஷாப் நல்ல பிள்ளை, கண் தருவதாக என்னிடம் கையெழுத்து வைத்தவன்" என்று. அதை யாரோ வெட்டி ஊர் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். "கண் தருவதாக என்னிடம் கையெழுத்து வைத்தவன்" என்பது மட்டும்தான் அதில் கேட்கிறது. என் போனிலிருந்துதான் போயிருக்க வேண்டும். அந்தப் போன் இப்போது எங்கள் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

மனுவேல் அண்ணன் கருவாடு கொண்டு புத்தளம் சந்தைக்கு வருகிறவர். கடிதத்தை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்களும் அவரிடமே கொடுங்கள். அவர் ஒன்றும் கேட்க மாட்டார்.

நடந்ததை நீங்கள் அரைகுறையாகத்தான் கேட்டிருப்பீர்கள். சனிக்கிழமை பின்னேரம் இவருடைய போட்டில் இவரும் இன்ஷாபும் சியாமும் போனார்கள். பத்தலங்குண்டுத் தீவில் வாடிக் குடிசை போட்டு நின்று தொழில் செய்தார்களாம். செவ்வாய்க்கிழமை விடிய, வலை வாங்கும்போது இன்ஷாப் தவறி விழுந்தார் என்று இவர் சொல்கிறார். அன்று பின்னேரமே மையத்து கந்தக்குழிக் கரையில் ஒதுங்கியது. பொலிஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. புதன்கிழமை அடக்கம் செய்தோம்.

முகத்தைத் திறந்து காட்டவில்லை. பெண்சாதி அஸ்ரியாவுக்கும் காட்டவில்லை. குளிப்பாட்டியவர்கள் வெளியே வந்து, இரண்டு கண்ணும் இல்லை என்று சொன்னார்கள்.

ராத்தா, இங்கே உள்ளவர்கள் கடல் தெரிந்தவர்கள். கடலில் கிடந்த மையத்தின் கண்ணை மீன் தின்னும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதற்கு நேரம் செல்லும், விடிய விழுந்தவனை அதே நாள் பின்னேரத்துக்குள் மீன் அப்படிச் செய்யாது என்கிறார்கள். மீன் எடுக்கவில்லை என்றால் மனிதர்தானே எடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இன்ஷாபின் பர்சில் நீங்கள் கொடுத்த கண்தான அட்டை இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டது, நனையவே இல்லை.

கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பளீலா


புத்தளம்
31.01.2025

பளீலாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதம் கட்டாக் கருவாடு மணக்க மணக்க வந்து சேர்ந்தது. மனுவேல் பொதியை நீட்டி, "டீச்சர், இத வெயில்ல வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். படித்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் கோபம் வந்தது.

கடலில் விழுந்தவனுடைய கண் யாருக்கும் உதவாது. எங்களுக்கு முதன்முதலில் சொல்லித் தருவதே அதைத்தான். மூச்சு நின்று சில மணித்தியாலத்துக்குள், வீட்டார் சம்மதித்துக் கூப்பிட்டால்தான் கண் வங்கியிலிருந்து வருவார்கள். எடுத்த பிறகு இமையை மூடிவிட்டால் ஆள் தூங்குகிற மாதிரித்தான் இருக்கும். இரண்டு பள்ளத்தோடு யாரும் ஒரு மையத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? ஆறு வருஷத்துக்கு முன்னால் தென்னோலை கீறி என் வலது கண் வெள்ளை பூத்துப் போனபோது, என் கையைப் பிடித்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்துக்கொண்டு போன தங்கச்சி நீதான். வேறொருவர் கருவிழியை வைத்துக் கட்டு அவிழ்த்த அன்று நான் முதலில் பார்த்தது உன் மூக்கை. அதில் ஒரு பரு இருந்தது. சொன்னேன், நீ இரண்டு நாள் முகம் தூக்கி வைத்துக்கொண்டாய். கண்ணைத் தந்தவர் குருணாகல் பக்கத்து மனிதர், அறுபத்திரண்டு வயது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு நான் எதைத் திருப்பிக் கொடுப்பது? அதனால்தான் பள்ளிக்கூடம், மாதர் சங்கம், மீனவர் சங்கம் என்று போய் வாய் வலிக்கப் பேசுகிறேன். உங்கள் ஊரில் நாற்பத்து மூன்று பேர் அட்டை எடுத்தார்கள். ஆண்களில் முதல் எடுத்தவன் இன்ஷாப். "டீச்சர், கண்ணை மட்டுந்தானா எடுப்பீங்க? மூளையையும் எடுத்தா எங்கூட்டு ஆளு சந்தோஷப்படும்" என்று அத்தனை பேரையும் சிரிக்க வைத்தான்.

நான் அஸ்ரியாவைப் பார்க்க வேண்டும். புருஷன் மவ்த்தான பெண் இத்தா இருக்கிற வீட்டுக்குப் பெண்கள் போகத் தடை இல்லை. நீ என்னைக் கூட்டிக்கொண்டு போ.

இன்னொன்று. போட் உன் மாப்பிள்ளையுடையது. அவர் பள்ளியில் எழும்பி, "கடல்தான் எடுத்தது, டீச்சரைக் குற்றம் சொல்லாதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊர் கேட்கும். ஏன் சொல்லவில்லை?

முஃப்லிஹா


குறிஞ்சிப்பிட்டி
05.02.2025

ராத்தாவுக்கு, ஸலாம்.

வர வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். நேற்றுத் தையலுக்கு வந்த இரண்டு பெண்கள் என் முகத்துக்கு நேரே, "மன்னார் அகதி டீச்சர் சிங்களவன்ட கண்ணால பார்க்குறா, அவக்கு எங்கட மையத்து எப்படித் தெரியும்" என்று கதைத்தார்கள். நானும் அதே மன்னார்க் குடும்பத்துப் பிள்ளைதான் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. நான் ஞாபகப்படுத்தவில்லை.

அஸ்ரியாவை நான் போய்ப் பார்க்கிறேன். வெள்ளை உடுத்து, திரை போட்ட அறையில் இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் அப்படித்தான். வெளி ஆண் யாரும் அந்த வீட்டு வாசலுக்குக்கூட வருவதில்லை. அழுகை குறைந்துவிட்டது. இப்போது எண்ணிக்கொண்டே இருக்கிறாள்.

"ராத்தா, அவர் மவ்த்தான நாள் எது? அந்த நாளிலேருந்துதானே இத்தா எண்ணணும்" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை என்றேன்.

"சனிக்கிழமை மஃரிபுக்கு முந்திக் கதைச்சார். ஞாயிறு போன் வேல செய்யல்ல. திங்களும் இல்ல. வாடியில சிக்னல் இருக்கு, மத்த நாள்ல எல்லாம் ரெண்டு தரம் எடுப்பார். செவ்வாய் வரைக்கும் உசிரோட இருந்தவர் ரெண்டு நாள் எனக்குக் கதைக்காம இருப்பாரா?"

சார்ஜ் முடிந்திருக்கும் என்றேன்.

"உங்கட மாப்பிள்ள ஸியாத் நானாட்டக் கேட்டுச் சொல்லுங்க. அவரோட நான் நேர கதைக்க ஏலாதே. ஒரு நாள் பிழைச்சாலும் என்ட இத்தா பிழைச்சிரும்."

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன். இவரிடம் கேட்டேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் கேட்கவில்லை. இவரும் மனம் உடைந்து போயிருக்கிறார், ராத்தா. இன்ஷாபைக் குளிப்பாட்ட நான்தான் நிற்பேன் என்று நின்றவர். அவரைப் பள்ளியில் எழும்பிப் பேசச் சொல்லி நான் எப்படிச் சொல்ல?

பளீலா


புத்தளம்
10.02.2025

பளீலா,

நேற்று விடிய கேற்றைத் திறந்தால், சீமேந்துப் பையைக் கிழித்து மடித்த ஒரு பொதி கிடந்தது. உள்ளே உங்கள் ஊர் அட்டைகள் நாற்பத்திரண்டு. இன்ஷாபுடையது மட்டும் இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் சிகரெட்டால் சுட்டு இரண்டு ஓட்டை. கிழித்து எறிந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கோபம் வந்தால் கிழிப்பார்கள். இது யாரோ வீடு வீடாகப் போய் வாங்கி, ஒரு இடத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் எண்பத்து நான்கு ஓட்டை போட்டிருக்கிறார்.

என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இரண்டு நாளாக ஒரு கறுப்பு பைக் வருகிறது. ஹெல்மெட் போட்ட ஆள். நான் நின்றால் அவரும் நிற்கிறார். அதிபர் கூப்பிட்டு, பெற்றோர் முறைப்பாடு எழுதியிருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு லீவு எடுங்கள் என்கிறார். எடுக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு இன்னும் பாதிப் பாடம் கிடக்கிறது.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பர்சில் அட்டை இருந்தது, மையத்து ஒரு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தது, யாராவது அவசரத்தில் ஏதாவது செய்திருந்தால்? கொழும்புக் கண் வங்கிக்கே போய்க் கேட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்கள். அந்தக் கிழமை நம் மாவட்டத்திலிருந்து ஒரு கண்ணும் வரவில்லை. எனக்குக் கண் தந்தவர்களையே சந்தேகித்தேன் என்று வெட்கமாக இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் மற்ற யோசனை வந்தது. மனிதர் எடுக்கவில்லை என்றால் மீன்தான் எடுத்தது. அரை நாளில் மீன் எடுக்காது என்று ஊர் சொல்கிறது, ஊருக்குக் கடல் தெரியும். அப்படியென்றால் இன்ஷாப் கடலில் கிடந்தது அரை நாள் இல்லை. நான் கணக்கு டீச்சர். வேறு விடை எனக்கு வரவில்லை.

உன் மாப்பிள்ளை சொன்ன செவ்வாய்க்கிழமை சரியா, பளீலா?

ராத்தா


குறிஞ்சிப்பிட்டி
13.02.2025

ராத்தாவுக்கு,

கணக்கு டீச்சர் கணக்கை வகுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். இது என்னுடைய வீடு.

உங்களுக்குக் கண் கிடைத்தது, சந்தோஷம். நானும்தான் துஆச் செய்தேன். அதோடு சும்மா இருந்திருக்கலாமே. ஊர் ஊராகப் போய், மவ்த்தைப் பற்றி உயிரோடு இருக்கிற ஆட்களிடம் கதைத்து, கையெழுத்து வாங்கி, கடைசியில் யார் தலையில் வந்து விழுந்திருக்கிறது பாருங்கள். நீங்கள் புத்தளத்தில் இருக்கிறீர்கள். இந்த ஊரில் இருக்க வேண்டியவள் நான். பிள்ளைகள் இரண்டு பேரும் இந்தப் பள்ளியில்தான் ஓதப் போகிறார்கள்.

இவர் உங்களைப் பார்க்க வருவார். மல்லுக்கட்ட வேண்டாம். அவர் சொல்வதைக் கேட்டு, அப்படியே செய்யுங்கள். எல்லோருக்கும் நல்லது அதுதான்.

நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பயத்தில் எழுதுகிறேன்.

பளீலா


புத்தளம்
17.02.2025

பளீலாவுக்கு,

இந்தக் கடிதத்தை மனுவேலிடம் கொடுக்கவில்லை. உங்கள் ஊரிலிருந்து தினமும் என் பள்ளிக்கூடத்துக்கு வருகிற ஸபீனா டீச்சரிடம் கொடுக்கிறேன். தைக்கத் துணி தருகிற சாட்டில் உன்னிடம் தருவார். ஏன் என்று கீழே தெரியும்.

நேற்றுப் பின்னேரம் உன் மாப்பிள்ளை வந்தார். ஐஸ் பெட்டியில் இரண்டு கிலோ இறால். கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு கணவாய்கூடக் கொண்டுவராத மனிதர். வாசலோரக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"மதினி, நீங்க படிச்ச ஆள். ஊரு கொதிச்சுப் போய்க் கிடக்கு. பள்ளியில வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்க, போதும். அட்டை இருந்தபடியா தவறுதலா எடுத்திருப்பாங்க, எனக்குத் தெரியாம நடந்துட்டு, மாப்புக் கேக்குறன் எண்டு. ஊரு மறந்துரும்."

"நடக்காதத நடந்ததாச் சொல்லச் சொல்றீங்களா தம்பி?"

"நடந்ததா இல்லையா எண்டு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்" என்றேன். வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது.

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்னோடு கதைக்கிறவர்கள் எல்லோரும் இடது கண்ணைத்தான் பார்ப்பார்கள், நீயும் அப்படித்தான். அவர் வலது கண்ணையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பும்போது, "அந்தக் கண்ணக் கவனமா வச்சுக்கங்க மதினி. ரெண்டாந் தரம் கிடைக்காது" என்றார். கேற்றடியில் திரும்பி, "மனுவேல்ட்ட நிறையக் கருவாடு வாங்குறீங்க போல" என்றும் சொன்னார். அந்தக் கறுப்பு பைக்கில்தான் ஏறிப் போனார்.

இறாலைப் பூனைக்கும் போட மனம் வரவில்லை. புதைத்துவிட்டேன்.

அவர் கேட்டதை நான் செய்ய மாட்டேன். எலுவன்குளத்திலிருந்து ஸம்ஹா என்று ஒரு பிள்ளை, பத்து வயது, இரண்டு கண்ணும் வெள்ளை. கருவிழிக்காக ஒன்றரை வருஷமாகக் காத்திருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் உம்மாவோடு வந்து என் கண்ணைத் தொட்டுப் பார்க்கக் கேட்பாள். டீச்சரின் ஆட்கள் மையத்திலிருந்து களவெடுக்கிறவர்கள் என்று நானே என் வாயால் சொன்னால், இந்தக் கரையில் இனி ஒருவரும் அட்டை எடுக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?

உன் போன கடிதம் என்னை நன்றாகக் குத்தியது. குத்தத்தான் எழுதினாய் என்றும் தெரியும். பயத்தில் எழுதுகிறேன் என்றாயே, யாருக்குப் பயப்படுகிறாய்? ஊருக்கா, அவருக்கா?

ராத்தா


குறிஞ்சிப்பிட்டி
20.02.2025

ராத்தா,

நேரம் இல்லை. இவர் நேற்றுக் கடலுக்குப் போனார், சனிக்கிழமைதான் வருவார். இதோடு ஒரு கடதாசி வைத்திருக்கிறேன். இன்ஷாபின் மையத்தைப் பார்த்த சட்ட வைத்தியர் எழுதியது. காப்புறுதிப் பணத்துக்கு வேண்டும் என்று அஸ்ரியாவிடம் கையெழுத்து வாங்கிப் போய் இவர்தான் எடுத்து வந்தார். அவளிடம் கொடுக்கவில்லை. இன்னும் வரவில்லை என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அலுமாரியில் என் கூறைச் சேலைக்கு அடியில் இருந்தது.

எல்லாம் சிங்களம். எனக்குக் கதைக்கத்தான் வரும், வாசிக்க வராது. வாசித்து, நாளை ஸபீனா டீச்சரிடமே திருப்பி அனுப்புங்கள். அவர் வருவதற்குள் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

அஸ்ரியா ஒவ்வொரு நாளும் நாளைக் கேட்கிறாள்.

பளீலா


புத்தளம்
21.02.2025

என் தங்கச்சிக்கு,

கடதாசியைத் திருப்பி அனுப்புகிறேன். மூன்று தரம் வாசித்தேன். இதை உனக்கு எழுதாமல் இருக்க வழி உண்டா என்று பார்த்தேன், இல்லை. இருந்து வாசி.

மரணம், மையத்து கிடைப்பதற்கு ஒரு நாளாவது முந்தியது என்று எழுதியிருக்கிறது. கிடைத்தது செவ்வாய் பின்னேரம். ஆகவே பிந்தினாலும் திங்கள் பின்னேரத்துக்கு முன்னால். கண்களுக்கு நடந்ததற்குக் கடல் உயிர்கள் காரணம், ஆயுதம் பட்ட அடையாளம் இல்லை என்று தெளிவாக இருக்கிறது. என்னைக் காப்பாற்ற இந்த ஒரு வரி போதும். ஆனால் அதோடு முடியவில்லை.

முகம், கழுத்து, தோள் எல்லாம் வெயிலில் வெந்து கொப்புளம் போட்டிருந்ததாம். கொப்புளம் உயிரோடு இருக்கும்போது போட்டது. உதடு வெடித்திருந்தது. இடது கையில் வலை மிதவையின் கயிறு நாலைந்து சுற்றாகச் சுற்றியிருந்தது, அவனே சுற்றியிருக்க வேண்டும் என்கிறார். ஒரு முழுப் பகலாவது மிதவையைப் பிடித்துக்கொண்டு உயிரோடு கிடந்திருக்கிறான். சனிக்கிழமை பின்னேரம் போட் போனது. அஸ்ரியாவோடு சனிக்கிழமை கதைத்தான். வேறு எப்படிக் கூட்டினாலும் அந்தப் பகல் ஞாயிற்றுக்கிழமைதான், மவ்த்து திங்கட்கிழமை. ஞாயிறு முழுக்க இன்ஷாப் கடலில் உயிரோடு இருந்திருக்கிறான், பளீலா. யாராவது ஒருவர் நேவிக்கு ஒரு போன் எடுத்திருந்தால் பின்னேரத்துக்குள் தூக்கியிருப்பார்கள்.

உன் மாப்பிள்ளை ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அவர்கள் அந்தப் பக்கம் மீனுக்குத்தான் போனார்களா என்றும் தெரியாது. நீ ஒன்றும் அறியாதவள். உன்மேல் எனக்கு ஒரு துளிக் கோபமும் இல்லை. உன்னை நினைத்துத்தான் நேற்று இரவு பூராவும் அழுதேன்.

ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். உன்னிடம் மறைத்தால் நானும் மற்றவர்களைப் போல ஆகிவிடுவேன், அதனால் சொல்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் பள்ளி நிருவாகம் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறது. போவேன். நகல் என் பையில் இருக்கும். காட்டினால் உன் வீடு போகும். காட்டாவிட்டால், செய்யாத களவைத் தலையில் சுமந்துகொண்டு திரும்ப வேண்டும், ஸம்ஹாவுக்கும் கண் இல்லை என்று ஆகும். இதை உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். வியாழக்கிழமைக்குள் ஒரு பதில் எழுது.

அவர் வருவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு என்றும் ஒரு மனம் சொல்கிறது.

ராத்தா


குறிஞ்சிப்பிட்டி
25.02.2025

ராத்தா,

இதை அஸ்ரியாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஸபீனா டீச்சர் பள்ளிக்கூடம் முடிந்து ஊருக்கு வந்ததும், பிள்ளைகள் அவரோடு உங்களிடம் வருவார்கள். கடிதமும் அவர்களோடு வரும். சின்னவளுக்கு இருமல் இருக்கிறது, ஐஸ்கிரீம் கொடுக்க வேண்டாம்.

"நீ ஒன்றும் அறியாதவள்" என்று எழுதியிருந்தீர்கள். நாலு நாளாக அந்த ஒரு வரியோடு இருந்து பார்த்தேன், முடியவில்லை. எனக்குத் தெரியும், ராத்தா. ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.

அன்று விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு இவர் பின்பக்கத்தால் வந்தார். தீவில் நிற்க வேண்டிய ஆள். உடுப்பெல்லாம் ஈரம். இரண்டு சாக்குப் பீடி இலை கொண்டுவந்து வெங்காயக் கொட்டிலில் வைத்தார். இந்தியாப் போட்டில் வாங்கியது. "இன்ஷாப் தவறி விழுந்துட்டான்" என்றார். "இருட்டுக்குள்ள தேடினோம், கிடைக்கல்ல. இப்ப வாயத் தொறந்தா நேவி வரும், நானும் சியாமும் உள்ளுக்குப் போகணும். அவன் நீந்தக்கூடிய ஆள், எங்கயாவது கரையேறுவான். ரெண்டு நாள் பொறு" என்றார். உடுப்பைத் தோய்த்துக் காயப்போட்டேன். அவர் பகலுக்கு முந்தித் திரும்பிப் போனார். நான் பொறுத்தேன். நீந்துவார் என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். மையத்து வந்த பிறகு, விழுந்ததும் மூழ்கியிருப்பார், யார் போய் என்ன செய்திருக்க முடியும் என்று சொல்லிக்கொண்டேன். கண் இல்லை என்று ஊர் உங்களைப் பிடித்தபோதும், இது தானாக ஓயும் என்று சொல்லிக்கொண்டேன். உங்கள் குரலை வெட்டிப் போட்டது இவர் என்பது எனக்கு அன்றே தெரியும். அட்டைகளில் ஓட்டை போட்டது எங்கள் குசினியில் இருந்துதான். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

உங்கள் கடிதத்தில் அந்தக் கயிற்றைப் பற்றி வாசித்த பிறகுதான் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனது.

இன்று காலை இவர், "தீவுக்குப் போவோம், சீசன் முடியுமட்டும் நீயும் அங்கேயே இரு" என்றார். அலுமாரி கலைந்திருப்பதைக் கண்டிருக்க வேண்டும். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நான் உடுப்பு அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்ரியாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கடதாசியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இங்கே வந்தேன். பின்னாலேயே வந்தார். இப்போது வேலிக்கு வெளியே நிற்கிறார். இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இது இத்தா வீடு, அவரால் உள்ளே வர முடியாது. வந்தால் ஊர் முழுக்கத் திரளும். இந்த ஊரில் அவர் நுழைய முடியாத வீடு இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை நகலைக் கொண்டு போங்கள். எல்லாவற்றையும் வாசியுங்கள். என் பெயரையும் சொல்லுங்கள். பளீலாவுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்று சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் நானே எழும்பிச் சொல்வேன்.

அஸ்ரியாவிடம் சொல்லிவிட்டேன். கடதாசியை அவள் மடியில் வைத்து, நீங்கள் எழுதியதை ஒன்றும் விடாமல் சொன்னேன். மவ்த்தான நாள் திங்கட்கிழமை என்றேன். வெயில், கயிறு, எல்லாம் சொன்னேன். அவள் கடதாசியைத் தொடவில்லை. விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். ஒரு நாளைக் குறைக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முன்னோக்கி எண்ணவில்லை. பின்னோக்கிப் போனாள். ஒரு விரலில் நின்றுவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பகல் எனக்குச் சோறு கொண்டு வந்தீங்களே ராத்தா. மகனுக்குக் காய்ச்சல், நீ சமைக்க வேணாம் எண்டு சொன்னீங்க. நான் சாப்பிட்டு முடியுமட்டும் பக்கத்திலயே இருந்தீங்க. எனக்குத் தண்ணி ஊத்தித் தந்தீங்க."

அவள் அந்த விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நேரம் அவர் உசிரோடயா இருந்தார்?"

ஓம் என்று சொன்னேன்.

பளீலா